பட்டியலில் பதினேழாவது பெயர்

என் அண்ணி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தது மொத்தம் இருபத்திரண்டு நாள். அதில் அவை கூடியது பதின்மூன்று நாள். அந்தப் பதின்மூன்று நாளில் அவள் வாயைத் திறந்தது ஒரே ஒருநாள். அந்த நாளைப் பற்றி இப்போது ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். அன்றைக்குப் பார்வையாளர் மாடத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அண்ணி பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, யார் ஓட்டினார், யாருக்கு ஓய்வு என்று எழுதி வைக்கும் வேலை. இருபத்து நான்கு வருடம் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, குரல் வெண்கலமாகிவிட்டது. வீட்டில் அவள் மெதுவாக ஏதாவது கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார். நானும் அதே டிப்போதான், டிரைவர். அண்ணன் மட்டும் எங்களோடு சேராமல் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார்.

அவள் உறுப்பினரானது ஒரு தற்செயல். எங்கள் தேர்தலில் வாக்கு ஆளுக்கு இல்லை, கட்சிக்கு. கட்சி வாங்கிய வாக்குக்கு ஏற்ப அதன் பட்டியலில் மேலிருந்து கீழாகப் பெயர்கள் உள்ளே போகும். நடுவில் ஓர் இடம் காலியானால் அடுத்த பெயர். பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் தொழிற்சங்கத்தைக் கையில் வைத்திருந்த சின்னக் கட்சிக்குக் கடைசி நேரத்தில் பெண் பெயர் குறைந்தது. "ஒரு கையெழுத்துப் போடும்மா, உனக்கு ஒரு தொந்தரவும் வராது" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். பதினேழாவது பெயர்.

கட்சிக்குக் கிடைத்தது பதினோரு இடம். ஐந்து வருடத்தில் ஒருவர் இறந்தார். ஒருவர் தூதராகப் போனார். இருவர் கட்சி மாறிப் பதவியை இழந்தார்கள். ஒருவர் மேலவைக்கு ஏறினார். ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனவர், போனவர்தான். கீழவையின் ஆயுள் முடிய இருபத்திரண்டு நாள் இருக்கும்போது டிப்போவுக்குத் தந்தி மாதிரி ஒரு போன் வந்தது.

"யாரோ விளையாடறாங்க" என்று அண்ணி முதலில் போனை வைத்துவிட்டாள். இரண்டாவது முறை அழைத்தபோதுதான் நம்பினாள்.

உறுப்பினருக்கு ஓர் உதவியாளர் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அப்போது வலது கால் உடைந்து ஆணி போட்டிருந்தார்கள், மருத்துவ விடுப்பு. "சும்மாதானே படுத்திருக்க தம்பி, கூட வா" என்றாள். போனேன்.

என் கால் உடைந்த கதையையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஆள் பற்றாக்குறை என்று எட்டு மணி நேர வேலைக்கு மேல் இன்னொரு சுற்று ஓட்டச் சொன்னார்கள். பதினான்காவது மணி நேரத்தில் கண் சொருகியது. பாலத்துக் கைப்பிடிச் சுவர் தாங்கிக்கொண்டது. யாரும் சாகவில்லை. முன் சீட்டில் இருந்த பெரியவருக்கு இரண்டு பல், எனக்குக் கால். அன்றைக்குக் கூடுதல் சுற்று வேண்டாம் என்று பதிவேட்டில் எழுதி அனுப்பியவள் அண்ணி. அதை அடித்துவிட்டு வேறொருவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கீழவை பெரிய மண்டபம். இருநூற்றுப் பத்து இருக்கை, அரை வட்டமாக. அண்ணியின் இருக்கை இருநூற்று எட்டு, ஒரு தூணுக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் சபாநாயகரின் இடது காது மட்டும் தெரியும் என்று அவளே சொல்வாள். மேசையில் இருந்த ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. புகார் எழுதிக் கொடுத்தாள். "இன்னும் மூணு வாரம்தானேம்மா" என்று சிரித்தார்கள்.

தினமும் காலையில் கட்சிக் கொறடா வருவார். நல்ல உயரம், வழுக்கைத் தலை, எப்போதும் அவசரம். எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களிக்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். ஆம், ஆம், இல்லை, ஆம். "இதைப் பார்த்துப் பொத்தானை அழுத்துங்க, அவ்வளவுதான்" என்பார். சீட்டை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவி போய்விடும். அது சட்டம்.

பதவி ஏற்றவுடன் ஒரு பை கொடுத்திருந்தார்கள். அதில் அடையாள அட்டை, நாட்காட்டி, பேனா, அவை நடைமுறை விதிகள் என்று முந்நூறு பக்கப் புத்தகம். மற்றவர்கள் பேனாவை எடுத்துக்கொண்டு புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்களாம். அண்ணி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"தம்பி, இதைக் கேளு. ஒரு உறுப்பினர் எழுத்துல கேள்வி கேட்டா அமைச்சர் பத்து நாளுக்குள்ள பதில் சொல்லியே ஆகணுமாம்."

"சரி அண்ணி."

"குழு கூப்பிட்டா எந்தப் பெரிய மனுஷனும் வந்து நிக்கணுமாம். வரலைன்னா பிடிச்சிட்டு வரலாமாம்."

"சரி அண்ணி."

"நம்ம டிப்போ மேனேஜரையும் பிடிச்சிட்டு வரலாம்டா!"

"அண்ணி, இருக்கறதே பதினாலு நாள்."

ஒருநாள் என்னிடம் கேட்டாள், "கோரம்னு போட்டிருக்கு, என்ன அது?"

"அகோரமா இருந்தா உள்ள விடமாட்டாங்களோ என்னவோ."

"உனக்குக் கால் மட்டும்தான் உடைஞ்சுதுன்னு நெனைச்சேன்" என்றபடி பக்கத்தைப் புரட்டினாள். தூய தமிழில் குறைவெண் என்றும் அச்சிட்டிருந்தது. அவை நடக்கக் குறைந்தது இருக்க வேண்டிய ஆட்கள். பத்தில் ஒரு பங்கு, அதாவது இருபத்தோரு பேர். அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.

கடைசி வாரத்துக்கு முந்தின வாரம்தான் அந்த மசோதா கண்ணில் பட்டது. வேலை நேரத் திருத்தச் சட்டம் என்று பெயர். பஸ், லாரி ஓட்டுபவர்களுக்கு ஒருநாள் வேலை எட்டு மணி நேரம் என்று இருந்ததைப் பன்னிரண்டாக்குகிற சட்டம். கீழவை ஏற்கனவே நிறைவேற்றி மேலவைக்கு அனுப்பிவிட்டது. மேலவையில் யாரோ மனசாட்சி உள்ளவர் இருந்திருக்கிறார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் கட்டாய ஓய்வு என்று ஒரு திருத்தம் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். எங்கள் அமைப்பில் மேலவை ஒருமுறை திருத்தலாம். கீழவை அதைத் தள்ளிவிட்டால் கீழவை சொன்னதே சட்டம். கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்தத் திருத்தத்தைத் தள்ளிவிட அரசு நாள் குறித்திருந்தது. அதற்குள் முடியாவிட்டால், ஞாயிறோடு அவை கலையும்போது மசோதாவும் செத்துவிடும்.

அண்ணி சீட்டைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கு நேரே "ஆம்" என்று இருந்தது.

கொறடாவின் அறைக்குப் போனோம். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"ஐயா, இது நம்ம ஆளுங்க வயித்துல அடிக்கிற சட்டம். நம்ம கட்சி தொழிலாளர் கட்சிதானே?"

"கூட்டணி தர்மம்னு ஒண்ணு இருக்கும்மா."

"பன்னெண்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? இதோ நிக்கிறானே, இவன் காலைப் பாருங்க."

அவர் என் காலைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இங்க பாரும்மா. நீங்க எதிர்த்து ஓட்டுப் போட்டா அந்த நிமிஷமே பதவி போகும். அது போனா போகட்டும்னு வெச்சுக்குவீங்க. திரும்ப டிப்போவுக்குத்தானே போகணும்? சங்கம் நம்ம சங்கம். எந்த டிப்போவுக்குப் போறீங்க, தம்பிக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்குமா கிடைக்காதான்னு எல்லாம் யோசிச்சு நடந்துக்குங்க."

அண்ணி சீட்டை நான்காக மடித்தாள். வெளியே வந்து தாழ்வாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"அண்ணி, விடுங்க. உங்க ஒரு ஓட்டால என்ன ஆகப்போகுது? நூத்து முப்பது பேர் அவங்க பக்கம்."

"ஒரு ஓட்டால ஒண்ணும் ஆகாதுதான்" என்றாள். பிறகு பைக்குள் கையை விட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

மறுநாள் அவை அலுவலகத்துக்குப் போனோம். அங்கே கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மா. கோப்புக் கட்டுகளுக்கு நடுவே தலை மட்டும் தெரிந்தது. அவர்தான் விதிகளைக் கவனிக்கும் அதிகாரி.

"கொறடா உத்தரவு எதுக்கெல்லாம் செல்லும்?" என்று அண்ணி கேட்டாள்.

"வாக்குக்கு."

"வேற?"

"வேற எதுக்கும் செல்லாது. வாக்கு மட்டும்தான்."

"அவையில ஆள் இருக்காங்களா இல்லையான்னு எண்ணச் சொல்றது?"

அந்த அம்மா தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டி அண்ணியை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார்.

"அது வாக்கு இல்லை. எந்த ஒரு உறுப்பினரும் கேக்கலாம். விதி அறுபத்தொண்ணு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது. விதி எந்தப் பக்கத்துல இருக்குன்னு மட்டும்தான் காட்டலாம்" என்றார். பிறகு இன்னொரு பக்கத்தையும் திருப்பிக் காட்டினார். கேட்காமலே காட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் கூட்டம் இருந்தது, பிரியாவிடைப் பேச்சு, குழுப் படம். மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராக நழுவினார்கள். தேர்தல் வந்துவிட்டது, அவரவருக்கு ஊரில் வேலை. நான் மாடத்தில் ஊன்றுகோலை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினேன். மூன்று மணிக்கு இருபத்தாறு. மூன்றரைக்கு இருபத்திரண்டு. மூன்றே முக்காலுக்கு, சபாநாயகர் நாற்காலியில் இருந்த துணைச் சபாநாயகரையும் அண்ணியையும் சேர்த்துப் பத்தொன்பது. ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சியில் நான்கே பேர். அவர்களில் ஒரு முதியவர் செய்தித்தாளில் சொற்புதிர் போட்டுக்கொண்டிருந்தார்.

அமைச்சர் எழுந்து நான்கு வரி படித்தார். மேலவையின் திருத்தத்தை இந்த அவை ஏற்கவில்லை. துணைச் சபாநாயகர் கையைக் கன்னத்தில் வைத்தபடி, "ஏற்போர் ஆம் என்க" என்று ஆரம்பித்தார்.

அண்ணி எழுந்து நின்றாள். ஒலிவாங்கியின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். அது அன்றைக்கும் ஊமை.

"சபாநாயகர் அவர்களே!"

டிப்போ குரல். தூங்கிக்கொண்டிருந்தவர் துள்ளி விழுந்தார். துணைச் சபாநாயகர் தூணுக்குப் பின்னாலிருந்து என்ன வந்தது என்று எட்டிப் பார்த்தார்.

"அவையில் குறைவெண் இல்லை. விதி அறுபத்தொன்றின்படி எண்ணச் சொல்கிறேன்."

"உறுப்பினர் அமரவும். வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கிறது."

"இன்னும் ஆரம்பிக்கலைங்க. ஆம்னு யாரும் சொல்லலை. சொல்றதுக்கு ஆளும் இல்லை. எண்ணச் சொல்லுங்க."

மாடத்தில் யாரோ சிரித்தார்கள். கொறடா முன்வரிசையிலிருந்து எழுந்து, "உட்காரும்மா! என்ன பண்ற நீ?" என்று சத்தம் போட்டார். அதுவரை நீங்க, இப்போது நீ. அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை. சபாநாயகர் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவைச் செயலாளர் எழுந்து துணைச் சபாநாயகரின் காதில் ஏதோ சொன்னார். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "மணி அடிக்கட்டும்" என்றார்.

மணி நான்கு நிமிடம் அடிக்கும் என்று அந்த அதிகாரி அம்மா கேட்காமலே காட்டிய பக்கத்தில் இருந்தது. அது நிற்பதற்குள் இருபத்தொருவர் உள்ளே இருக்க வேண்டும். கட்டடம் முழுக்க, கழிப்பறை வரைக்கும் கேட்கிற மணி. கொறடா போனில் கத்தினார். முதல் நிமிடம் யாரும் வரவில்லை. இரண்டாவது நிமிடம் டீக்கடைக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே ஒருவர் ஓடி வந்தார். மூன்றாவது நிமிடம் ஒரு பெண் உறுப்பினர், கையில் பயணப் பெட்டியோடு, பாதி வழியிலிருந்து திரும்பி வந்திருந்தார். பத்தொன்பதும் இரண்டும் இருபத்தொன்று. கொறடா விரலை விட்டு எண்ணி முடித்து, கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டார். அண்ணி நின்றிருந்ததால்தான் இருபத்தொன்று என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவளுக்கு உறைத்திருந்தது. புத்தகத்தைப் பையில் போட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். வரிசைக்கு நடுவே நடந்து வாசலை நோக்கிப் போனாள்.

கொறடாவுக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. புரிந்ததும் மேசைகளைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து வாசலில் கையை விரித்து நின்றார்.

"வெளிய போகக்கூடாது. உள்ள போ."

"தள்ளுங்க."

"உன்னைக் கட்சியை விட்டே தூக்கிடுவேன்!"

"பட்டியல்ல பதினேழாவது பேரு நான். அங்கேருந்து எங்க தூக்கப் போறீங்க?"

வாசலில் சீருடையோடு நின்றிருந்த அவைக் காவலர் ஒல்லியான மனிதர். பதின்மூன்று நாளும் அண்ணிக்குக் கதவைத் திறந்துவிட்டவர், ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, உறுப்பினரோட வழியை மறிக்கக்கூடாதுங்க. உரிமை மீறல் ஆயிடும்."

"யோவ், நானும் உறுப்பினர்தான்யா!"

"அதனாலதான் ஐயா உங்களையும் யாரும் மறிக்கலை."

மரியாதையாகத்தான் சொன்னார். கதவையும் மரியாதையாகத்தான் திறந்தார். கொறடாவின் கை தானாக இறங்கியது. அண்ணி வெளியே போனாள். அவரும் விடாமல் பின்னாலேயே போய், தாழ்வாரத்தில் நின்று கெஞ்ச ஆரம்பித்தார். கதவு திறந்தே கிடந்ததால் மாடம் வரை கேட்டது, குரல் மாறி மறுபடியும் நீங்க வந்துவிட்டது. "அம்மா, ரெண்டே நிமிஷம். உள்ள வந்து சும்மா உட்காருங்க. ஓட்டுக் கூடப் போட வேண்டாம்."

அவர் அப்படி நிற்கும்போதே மணி நின்றது. செயலாளர் வரிசை வரிசையாக விரலை நீட்டி எண்ணினார். அண்ணி போக இருபது. கொறடாவும் வெளியே நின்றதால் பத்தொன்பது.

அரை மணி நேரம் ஒத்திவைத்து மறுபடியும் மணி அடிப்பது வழக்கம். இரண்டாவது முறையும் ஆள் சேராவிட்டால் அன்றைய அவை முடிந்தது. அடுத்த அமர்வு நாள் என்று ஒன்று நாட்காட்டியில் இல்லை.

ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி நான் கீழே இறங்கி வந்தேன். அண்ணி அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் பைக்குள் விட்டு அந்தப் புத்தகத்தைப் பிடித்திருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேனா தம்பி? உன் வேலையும் போயிடுமோ?"

"என் கால்ல ஆணி போட்டிருக்கு அண்ணி. வாயில போடலை. எங்க வேணும்னாலும் பொழைச்சுக்குவேன்."

அந்த அரை மணி நேரத்தில் கொறடா விமான நிலையம், ரயில் நிலையம், உணவகம் என்று எல்லா இடத்துக்கும் கார் அனுப்பினார். இன்னொரு பக்கம் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சொற்புதிர் முதியவர் செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அண்ணி முன்னால் நின்றார்.

"இருபது வருஷமா இந்த அவையில இருக்கேன்மா. இது எங்களுக்குத் தோணியிருக்கணும். வெக்கமா இருக்கு" என்றார். பிறகு சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கு மாத்திரை போடற நேரம், நான் கிளம்பறேன்" என்று படியிறங்கினார். அவர் பின்னால் எதிர்க்கட்சியின் மற்ற மூவரும் போனார்கள். பெட்டியோடு வந்த பெண் உறுப்பினர் ஆளுங்கட்சிக்காரர். அவர் எங்கள் பக்கம் பார்க்காமலே, "என் வண்டிக்கு நேரமாச்சு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாவது மணி அடித்து நின்றபோது உள்ளே பதினாறு பேர். கொறடாவையும், கார் அனுப்பிப் பிடித்த ஒருவரையும் சேர்த்து. துணைச் சபாநாயகர் அவையை ஒத்திவைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவை கலைந்தது. மசோதா அதோடு போயிற்று.

இதனால் உலகம் தலைகீழாக மாறிவிடவில்லை. அண்ணியை ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற டிப்போவுக்கு மாற்றினார்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். எனக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைக்கவில்லை. அண்ணன் கடையில் காயில் சுற்றக் கற்றுக்கொண்டேன், விரல் நன்றாகத்தான் வளைகிறது. புதிய அவை அதே மசோதாவை வேறு பெயரில் மறுபடி கொண்டு வந்தது. ஆனால் இந்த முறை எல்லா டிப்போவிலும் தேதி தெரிந்திருந்தது. மாடம் நிரம்பி வழிந்தது. குழு விசாரணை வேண்டும் என்று எதிர்க்கட்சி கேட்டு வாங்கியது. அது இன்னும் குழுவில்தான் கிடக்கிறது. சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நடுவில் கட்சியிலிருந்து அண்ணிக்கு ஒரு கடிதம் வந்தது. கட்சிக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். இல்லையேல் நீக்கப்படுவீர்கள்.

அண்ணன் கடிதத்தை மூன்று முறை படித்தார். "வருத்தம் தெரிவிக்கிறேன்னு ஒரு வரி எழுதிப் போட்டுடு. காசா பணமா? வார்த்தைதானே" என்றார்.

அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேடையில் தாளை வைத்து நின்றபடியே எழுதினாள். எழுதி அண்ணனிடம் நீட்டினாள். அவர் சத்தமாகப் படித்தார்.

"நான் எண்ணச் சொன்னேன். எண்ணினார்கள். குறைவாக இருந்தது."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன நடந்துச்சு?"

அண்ணன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. "கடிதம்னா ஒரு முறை வேண்டாமா? கடைசில 'இப்படிக்கு உண்மையுள்ள'ன்னு கூடப் போடலையே."

"மேல எழுதினது எல்லாம் உண்மைதான். கீழ தனியா எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்ற வாசலுக்குப் போனாள்.